40 ரூபாய் பேட்டரிக்கு 2,000 ரூபாய் ஃபார்மேட்

பழைய கம்ப்யூட்டரைக் கடையில் கொடுத்து ஃபார்மேட் போடச் சொல்லப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது 2011-ல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். ஐ3, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7 ஹோம் காசு கொடுத்து வாங்கியது. இலவசமாகக் கொடுத்த சமயத்தில், 2016-ல், 10-க்கு மாறினோம். அதில் அதிகம் உட்காருபவர் அப்பாதான். கொஞ்ச நாளாகக் காலையில் ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்து, எஃப்1 அழுத்தச் சொல்லும். அழுத்தினால் போய்விடும். தேதி 2011 என்று காட்டும், திருத்திக்கொள்வோம். ஒருநாள் நீலத் திரையோடு நின்றேவிட்டது.

கடையில், “ஓஎஸ் கரப்ட் சார், க்ளீன் இன்ஸ்டால் பண்ணிடலாம். சர்வீஸ் 700, ஒரிஜினல் லைசென்ஸ் 1,300” என்றார்கள். டி டிரைவில் அப்பாவின் ஃபைல்கள் இருக்கின்றன, தொடாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னேன். “சி மட்டும்தான் சார் தொடுவோம்.” ரசீது கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் 2,000 என்று எழுதிக் கொடுத்தார்கள். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் மாலை கொண்டுவந்து மாட்டினால் டி இல்லை. மொத்தமும் ஒரே சி. போன் செய்தேன். “ஜிபிடிக்கு மாத்தினாத்தான் சார் இன்ஸ்டாலே ஆச்சு, அதுல போயிருக்கும்.” (ஜிபிடி என்பது டிஸ்க்கைப் பகுதி பிரித்துக் குறித்து வைக்கும் புது முறை.) அடுத்த நாள் காலை பழையபடி எஃப்1, 2011. “இங்க நல்லாத்தானே ஓடுச்சு? அப்போ மதர்போர்டு சார். 4,500 ஆகும்.”

அக்கா மகன் காலேஜ் லீவில் வந்திருந்தான். அந்தக் கறுப்புத் திரையை எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் அவன்தான். “மாமா, சிமாஸ் செக்சம் எரர்னு தெளிவா போட்டிருக்கே!”

மதர்போர்டில் எட்டணா அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. கரண்ட் இல்லாதபோது தேதியையும் செட்டிங்கையும் வைத்திருக்கும் சிமாஸ் நினைவகத்தைக் காப்பது அதுதான். அது செத்துவிட்டது. ராத்திரி நாங்கள் பிளக் பாயின்ட்டையே அணைத்துவிடுவோம், அதனால் காலையில் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் மென்பொருள்) செட்டிங் ஆதி நிலைக்குப் போய்விடும். கடையில் எந்நேரமும் கரண்ட் இருக்கும், அங்கே தெரியாது. அன்று தேதியோடு, டிஸ்க்கோடு பேசும் முறையும் ஏஹெச்சிஐ என்பதிலிருந்து பழைய ஐடிஇ-க்கு மாறியதில்தான் விண்டோஸ் டிஸ்க்கைக் காணாமல் நீலத் திரை போட்டிருக்கிறது. பயாஸில் அந்த ஒன்றை மட்டும் திரும்ப மாற்றியிருந்தால் பழைய விண்டோஸே ஏறியிருக்கும். பேட்டரி விலை 40 ரூபாய்.

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. டிஸ்க் இன்னும் எம்பிஆர் என்ற பழைய முறையில்தான் இருந்தது, ஜிபிடி கதை பொய். ‘ஒரிஜினல்’ லைசென்ஸைப் பார்க்க கமாண்ட் பிராம்ப்ட்டில் எஸ்எல்எம்ஜிஆர், ஒரு இடைவெளி, சாய்கோடு, எக்ஸ்பிஆர் என்று அடித்தான். நிரந்தரம் என்று வர வேண்டிய இடத்தில் 180 நாளுக்குள் முடியும் ஒரு தேதி வந்தது. லைசென்ஸ் இருப்பதாக விண்டோஸை ஏமாற்றும் திருட்டு ஆக்டிவேட்டர். அது தடையில்லாமல் ஓடுவதற்காக விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் சோதிக்காதபடி ஒரு ஃபோல்டரையே விலக்கி வைத்திருந்தார்கள். இத்தனைக்கும் எங்கள் பழைய லைசென்ஸ் அந்த மதர்போர்டின் பேரில் மைக்ரோசாஃப்ட்டிடம் பதிவாகி இருக்கிறது. அதே ஹோம் பதிப்பைப் போட்டு நெட்டை இணைத்திருந்தால் தானாகவே ஆக்டிவேட் ஆகியிருக்கும்.

“இதுல இனிமே எதுவும் எழுதக் கூடாது மாமா” என்று உடனே அணைத்துவிட்டான். டிஸ்க்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டி, அழிந்த டிரைவைத் தேடித் தரும் டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருளை ஓட்டினான். பழைய டி தெரிந்தது. ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு எடுத்தான். சிலது திறக்கவில்லை. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டியாக இருந்திருந்தால் இந்த அளவுகூடத் தேறியிருக்காதாம்.

அப்பா முதல் ஃபைலைத் திறந்ததும் முகம் செத்துவிட்டது. பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை. “போச்சுடா.” எனக்கும் அடிவயிறு கலங்கியது. அவர் டைப் செய்தது எல்லாம் பாமினியில், அதாவது ஆங்கில எழுத்துகளையே தமிழ் வடிவில் காட்டும் பழைய ஃபான்ட்டில். ஃபான்ட் சி-யோடு போயிருந்தது. அதைப் போட்டதும் ஒவ்வொரு அரைப்புள்ளியும் மெய்யெழுத்தின் தலையில் புள்ளியாக ஏறி உட்கார்ந்தது.

லைசென்ஸ் காசையாவது திருப்பிக் கேட்கலாம் என்று கார்டோடு போனேன். பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுல லைசென்ஸ்னு எங்க சார் எழுதியிருக்கு?” என்றார்.