கோலார் சயனைடு மேடுகளுக்கு எது மருந்து: நானோ இரும்பா, வெட்டிவேரா?

கோலார் தங்கவயலில் ஆடிக்காற்று கிளம்பினால் சாம்பல் நிறத் தூள் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். காயப்போட்ட துணி, மூடாத தண்ணீர்க்குடம் எதையும் விடாது. 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் அரைத்துக் கொட்டிய கழிவு, 13 மேடுகளில் சுமார் 3.3 கோடி டன், அங்கேயே நிற்கிறது. வட ஆர்க்காட்டிலிருந்து வேலைக்குப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகள் அந்தத் தூளில்தான் மூச்சு விடுகிறார்கள்.

தங்கத்தைப் பிரிக்கச் சயனைடு போட்டதால் ஊர் வாயில் இது சயனைடு மேடு. ஆனால் சயனைடு வெயிலில் நாளடைவில் பெரும்பாலும் சிதைந்துவிடும். சிதையாதவை ஆர்சனிக் போன்ற நச்சுத் தனிமங்கள். கந்தகக் கனிமங்கள் மழை பட்டு அமிலமாகக் கசிவது தனித் தொல்லை.

நானோ இரும்பு என்பது மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறிய துகள். அவ்வளவு பொடியாக இருப்பதால் மேற்பரப்பு மிக அதிகம். அது துருப்பிடிக்கும்போது ஆர்சனிக்கை இறுகப் பிடித்துக்கொள்ளும். குறைகளும் உண்டு. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், வீரியம் சீக்கிரம் போய்விடும், விலையும் அதிகம். தண்ணீர் தேங்கிக் காற்றில்லாமல் போனால் பிடித்த ஆர்சனிக்கை மறுபடி விட்டுவிடவும் கூடும். முக்கியமாக, மண்ணுக்கு அது ஒரு கைப்பிடி மக்குகூடத் தராது. கசிவு ஓடும் வாய்க்கால் ஓரத்தில் மட்டும் போடலாம். அங்கேயும் சாதாரண இரும்புத்தூளை முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பேன்.

சுண்ணாம்பு மலிவு. அமிலத்தை அடக்கும், ஈயத்தையும் துத்தநாகத்தையும் கட்டிப்போடும். ஆனால் காரத்தன்மை ஏற ஏற ஆர்சனிக் இளகும். அளவு பார்க்காமல் கொட்டினால் ஒன்றைக் கட்டி இன்னொன்றை அவிழ்த்துவிட்ட கதைதான்.

வெட்டிவேர் மெதுவானது, முதல் வருஷம் தண்ணீர் கேட்கும். தொழு உரத்தோடு நட்டால் வேர் 3 மீட்டர் வரை இறங்கிச் சரிவைப் பிடிக்கும். தூள் பறப்பதை நிறுத்த இதற்கு ஈடு மற்ற இரண்டிலும் இல்லை. என் ஓட்டு இதற்கே.

இயந்திரக் கற்றல், அதாவது தரவுகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டு கணிக்கும் கணினி முறை, என்றும் ஒன்று உண்டு. அதை இவற்றுக்குப் போட்டியாக வைப்பது தவறு. அது மருந்தல்ல, எங்கே எதைப் போடுவது என்று காட்டும் வரைபடம். மண் மாதிரிகளையும் செயற்கைக்கோள் படங்களையும் வைத்து, மாதிரி எடுக்காத இடத்தில் ஆர்சனிக் எவ்வளவு என்று கணிக்கும். ஒன்று கவனியுங்கள்: கணினியின் பயிற்சிக்கு மண் எடுத்த குழிக்குப் பக்கத்துக் குழியிலேயே சோதித்தால் மதிப்பெண் பிரமாதமாக வரும், அடுத்த மேட்டுக்குப் போனால் கவிழும். ஒரு மேட்டை முழுசாக ஒதுக்கிவைத்துச் சோதித்த கணிப்பைத்தான் நம்பலாம்.

இதற்கிடையே, மிச்சத் தங்கத்துக்காக மேடுகளை ஏலம் விடும் யோசனைக்குக் கர்நாடக அரசு 2024-இல் ஒப்புதல் தந்தது. மறுபடி தோண்டுவதானால் இன்று நடும் புல்லும் அதோடு போகும். அதனால் தங்கம் எடுத்த பிறகு எஞ்சும் மணலை மேல்மண் போட்டு மூடி, வெட்டிவேர் நட்டு, சில வருஷமாவது தண்ணீர் விட்டுக் காப்பதை ஏல நிபந்தனையிலேயே எழுத வேண்டும்.