செய்தி ஆப் கணக்கை முழுசாக அழித்தேன்: சில மாதங்கள் கழித்து என் அனுபவம்

பல வருஷமாகப் பயன்படுத்திய ஒரு செய்தி ஆப்பைச் சில மாதங்களுக்கு முன்னால் கணக்கோடு சேர்த்து அழித்துவிட்டேன். ஆப் மோசம் என்று சொல்ல மாட்டேன், செய்திகள் சீக்கிரம் வரும், நெட் இல்லாதபோது படிக்கவும் சேமித்து வைக்கலாம். எனக்கு உறுத்தியது வேறு. எந்தச் செய்தியைக் கடைசிவரை படிக்கிறேன், எந்த நோயைப் பற்றித் தேடுகிறேன், எந்தக் கட்சிச் செய்தியைத் திறக்கிறேன் என்பதெல்லாம் என் பெயர், மெயில், போன் நம்பரோடு சேர்ந்து எங்கோ ஒரு சர்வரில் குவிந்துகொண்டே இருக்கிறது. ஒருவர் படிப்பதை வரிசையாக வைத்துப் பார்த்தாலே அவருடைய அரசியல், உடல்நிலை, பணக்கவலை எல்லாவற்றையும் ஓரளவு ஊகித்துவிடலாம். அது எனக்குச் சாதாரண விஷயமாகப் படவில்லை.

அன்இன்ஸ்டால் செய்தால் போனில் இருக்கும் ஆப்தான் போகும், கணக்கு அப்படியே இருக்கும். அதனால் ஐகானைக் கடைசியாகத் தொடுங்கள். சந்தா கட்டியிருந்தால் முதலில் அதை நிறுத்த வேண்டும். பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோர் வழியாக எடுத்த சந்தா, ஆப்பை நீக்கினாலும் தானாக நிற்காது, பணம் போய்க்கொண்டே இருக்கும். அப்புறம் சேமித்து வைத்த கட்டுரைகளின் இணைப்புகளை வேறு இடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதிய பின்னூட்டங்களை ஒவ்வொன்றாக நானே அழித்தேன், ஏனென்றால் கணக்கு போனாலும் பெயரை மட்டும் எடுத்துவிட்டுப் பின்னூட்டங்களை வைத்திருப்போம் என்று அவர்கள் விதிமுறையிலேயே இருந்தது. பொறுமையைச் சோதிக்கும் வேலை, ஆனால் செய்தது நல்லதுதான்.

கணக்கை நீக்கும் பட்டன் இருந்தே ஆக வேண்டும். ஆப்புக்குள் கணக்கு தொடங்க விட்டால் அதற்குள்ளேயே நீக்கவும் வழி வைக்க வேண்டும் என்று ஆப்பிள் 2022 ஜூன் 30 முதல் கட்டாயமாக்கிவிட்டது. கூகுளும் பிளே ஸ்டோர் ஆப்களுக்கு அதே விதியைக் கொண்டுவந்தது, கூடவே ஆப்பைத் திரும்ப நிறுவாமலே கணக்கை நீக்கச் சொல்லிக் கேட்பதற்கு ஒரு வலை முகவரியும் தர வேண்டும் என்கிறது. பட்டன் இருந்தது, ஆனால் உதவிப் பக்கத்துக்குள் தனியுரிமைப் பகுதிக்குள் போய் அடியில் தேட வேண்டியிருந்தது. 'தற்காலிகமாக முடக்கு' என்பது பெரிதாக, பளிச்சென்று. 'நிரந்தரமாக நீக்கு' சின்ன சாம்பல் எழுத்தில். இப்படி வைப்பது நியாயமே இல்லை. முடக்கினால் கணக்கு தூங்கும், தரவு அங்கேயே கிடக்கும். நிரந்தரமாக நீக்கக் கொடுத்த பிறகும் ஒரு காத்திருப்புக் காலம் உண்டு, அதற்குள் ஒருமுறை லாகின் செய்தாலே கோரிக்கை ரத்தாகிவிடும் என்று போட்டிருந்தார்கள், அதனால் டேப்லெட்டிலும் லாக் அவுட் செய்துவிட்டேன்.

கூகுள் கணக்கு வழியாக உள்ளே போயிருந்தால் அந்த இணைப்பைத் தனியாகத் துண்டிக்க வேண்டும், கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் இணைத்த ஆப்களின் பட்டியல் இருக்கும். அதை மட்டும் துண்டித்தால் செய்தி நிறுவனத்திடம் இருக்கும் தரவு அழியாது, இரண்டையும் செய்ய வேண்டும். ஆண்ட்ராய்டில் ஆப் தரவு ஒரு ஆப்புக்கு 25 எம்பி வரை கூகுள் பேக்கப்பில் போகக்கூடும், திரும்ப நிறுவினால் பழைய அமைப்புகள் வந்து நிற்பது இதனால்தான். ஐபோனில் 'ஆஃப்லோட்' கொடுத்தால் ஆப் மட்டும் போய்த் தரவு தங்கிவிடும், 'டிலீட்' கொடுங்கள். கையோடு ஆண்ட்ராய்டில் பிரைவசி, ஆட்ஸ் என்று போய் விளம்பரங்களுக்காகப் போனை அடையாளம் காட்டும் விளம்பர ஐடியையும் அழித்துவிட்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும் தினசரி மெயில் வந்துகொண்டே இருந்தது. மெயில் பட்டியல் தனி, கணக்கு தனியாம். அவர்களுடைய தனியுரிமை மெயில் முகவரிக்கு எழுதிய பிறகுதான் நின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்களுக்கு ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அழிக்கச் சொல்லும் உரிமை தருகிறது, பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். பணம் கட்டிய ரசீதுகள் மாதிரி சிலவற்றைச் சட்டப்படி வைத்திருக்க வேண்டியிருக்கும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

இப்போது பிரவுசரில் லாகின் இல்லாமல் படிக்கிறேன். அவசரச் செய்தி கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிகிறது, அது பரவாயில்லை. சேமித்து வைக்கும் வசதி இல்லாததுதான் உண்மையான இழப்பு. கணக்கு கேட்காமல் அந்த வசதியைப் போனுக்குள்ளேயே கொடுத்தால் அதே ஆப்பை மறுபடி நிறுவுவேன்.