குளிர்பெட்டி இல்லாத இடத்தில் எஃப்.டி.ஏ. அட்டை

கென்யாவின் நரோக் பகுதியில், மாசாய் மக்களின் மாடுகளில் டிரிப்பனோசோம் ஒட்டுண்ணியைத் தேடி இரத்த மாதிரி எடுத்தபோது, பனிக்கட்டியும் மின்சாரமும் இல்லாத எங்களுக்கு, இரத்தத்தை உலர்த்திச் சேமிக்கும் வேதிப்பொருள் ஏற்றிய தாளான எஃப்.டி.ஏ. (FTA) அட்டைதான் கைகொடுத்தது. கழுத்துச் சிரையிலிருந்து எடுத்த இரத்தத்தை அட்டையில் குறித்துள்ள வட்டம் ஒவ்வொன்றிலும் 125 மைக்ரோலிட்டர் வீதம் சொட்டவிட்டால், அட்டையில் ஏற்றியுள்ள வேதிப்பொருள்கள் செல்களை உடைத்து டி.என்.ஏ.வைக் காக்கின்றன, உலர்ந்த அட்டையை அறை வெப்பத்திலேயே ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாம்.

ஈ மொய்க்கும் பட்டியில் அதை உலர்த்துவதுதான் பெரும்பாடு. செஞ்சிவப்பு கரும்பழுப்பாகும் வரை கொசுவலைக்குள் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். அவசரத்தில் ஈரத்தோடு அடுக்கிய இரண்டு அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, எது எந்த மாட்டினுடையது என்ற நம்பிக்கையே போய்விட்டதால் இரண்டையும் கழித்துவிட்டேன். அந்த இழப்பு இன்றும் மனத்தை உறுத்துகிறது.

புரதங்கள் சிதைந்துவிடுவதால் எதிர்ப்பொருள் சோதனைக்கு இதை நம்ப வேண்டாம். அதற்குச் சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) தனியே எடுக்க வேண்டும். அட்டை சாதாரண உறையில் அடங்கினாலும், ஏற்றுமதி, இறக்குமதி அனுமதிகளை முன்கூட்டியே பெற்றுவிடுங்கள்.