கொழும்புவரை தாங்காத இன்சுலின் பை

மருந்துக்கடையில் இன்சுலின் பை என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது இப்படித்தான் இருக்கும்: வெளியே நீலத் துணி, உள்ளே வெள்ளித் தாள், நடுவில் மெல்லிய நுரை, சுற்றிவரச் சிப், கூடவே 200 கிராம் ஜெல் பொதி இரண்டு. குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கும் தம்பதிகளும் இதையே வாங்குகிறார்கள். சூலகத்தைத் தூண்டும் ஊசிகளைக் கொழும்புக் கிளினிக்கிலிருந்து திருகோணமலைக்குக் கொண்டுவர வேண்டும், ஸ்கேனுக்குப் போகும்போது மிச்சத்தைத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். உள்ளூர் கிளினிக்குக்கோ பக்கத்துக் கிண்ணியாவுக்கோ போய்வர இந்தப் பை நல்லது. கொழும்புப் பயணத்துக்கு இதை மட்டும் நம்பிப் புறப்பட வேண்டாம்.

காரணம் எளிய கணக்குத்தான். உறைந்த 400 கிராம் ஜெல் முழுதாக உருகும்போது ஏறத்தாழ 130 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். வெளியே 32 பாகை, உள்ளே 5 பாகை என்றால், 5 மில்லிமீற்றர் நுரைச் சுவர் வழியாக ஏறக்குறைய 15 வாற்று வெப்பம் விடாமல் உள்ளே வரும். இரண்டு, இரண்டரை மணித்தியாலத்தில் ஜெல் தண்ணீராகிவிடும். பஸ் அப்போது தம்புள்ளையைத் தாண்டியிருந்தாலே பெரிது. இரவு ரயில் என்றால் இன்னும் மோசம். அடிக்கடி சிப்பைத் திறந்து பார்த்தால் அந்த நேரமும் குறையும்.

ஆனால் சூட்டைவிட ஆபத்தானது உறைதல். நல்லாகக் குளிரட்டும் என்று ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஜெல்லை ஊசிப் பெட்டியோடு ஒட்டவைத்துக் கட்டுவது பலர் செய்யும் பிழை. ஃப்ரீசரில் ஜெல் மைனஸ் 18 பாகை வரை இறங்கியிருக்கும். இந்த ஊசிகளில் இருக்கும் ஹார்மோன் ஒரு புரதம். உறைந்து உருகினால் அதன் அமைப்புக் கெடும், வெளிப்பார்வைக்கு மருந்து தெளிவாகவே இருக்கும். தடுப்பூசி கொண்டுசெல்லும் சுகாதார ஊழியர்களின் முறைதான் இதற்கும் சரி: பொதியை வெளியே எடுத்து வைத்து, மேலே வியர்த்து, குலுக்கினால் உள்ளே ஐஸ் ஆடும் சத்தம் கேட்கும்வரை பொறுக்க வேண்டும். அப்போது அது பூச்சியப் பாகைக்கு வந்திருக்கும். அதன் பிறகும் ஜெல்லுக்கும் மருந்துக்கும் நடுவே மடித்த துவாய் ஒன்று இருக்கட்டும். குலுக்கினால் சத்தம் வராத கெட்டி ஜெல் என்றால் தொட்டுப் பாருங்கள்: குளிர்ந்தால் போதும், விரல் அதில் ஒட்டக்கூடாது.

மருந்தின் தாளில் ‘25 பாகைக்குக் கீழே’ என்று இருப்பதைப் பார்த்து ஆறுதல் அடைபவர்களும் உண்டு. சூலகத்தைத் தூண்டும் கோனல்-எஃப் ஊசிப் பேனாவைத் திறக்குமுன் பிரிட்ஜுக்கு வெளியே 3 மாதம்வரையும், முட்டையை முதிரவைக்கும் ஒவிட்ரெல் பேனாவை 30 நாள்வரையும் வைக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சலுகை 25 பாகையைத் தாண்டாத அறைக்கு. உலர்ந்த கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலை வீடுகளில் இரவில்கூட 25க்குக் கீழே இறங்கும் என்று நம்பியிருக்க முடியாது. இங்கே பிரிட்ஜ்தான் பாதுகாப்பு: நடுத்தட்டு, பின்சுவரைத் தொடாமல், கதவுத் தட்டில் வைக்காமல், மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டிக்குள். கூட்டுக் குடும்பத்தில் யாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை என்பதும் அந்தப் பெட்டியால் கிடைக்கும் நிம்மதி. அது சின்ன விஷயமல்ல.

தண்ணீரில் ஊறவைக்கும் பை இன்னொரு வகை. ஃப்ரீசரே வேண்டாம், 5 முதல் 10 நிமிடம் நனைத்தால் உள்ளேயுள்ள பளிங்குத் துகள்கள் உப்பி, நீர் ஆவியாகும்போது குளிரும். உறையும் பயமில்லை. ஆனால் இது பிரிட்ஜின் குளிரான 2 முதல் 8 பாகைக்கு ஒருநாளும் இறங்காது. உலர்ந்த கச்சான் காற்றில் ஓரளவு வேலை செய்யும், மார்கழி மழையின் ஈரக்காற்றில் நீர் ஆவியாகவே தயங்கும். கைப்பைக்குள் மூடிவைத்தால் காற்றுப் படாமல் வெறும் ஈரத்துணிதான். ஹார்மோன் ஊசிக்கு இதை வாங்க வேண்டாம்.

அப்படியானால் எது? மீன் வியாபாரிகள் பாவிக்கும் றெஜிபோம் (வெள்ளை நுரை) பெட்டியின் சிறிய அளவு. சுவர் 25 மில்லிமீற்றர் தடிப்பு இருக்கட்டும். அதில் ஒன்றரை கிலோ ஐஸ் போட்டால், கணக்குப்படி 12 மணித்தியாலத்துக்கு மேல் தாங்கும். பழைய மீன்பெட்டி வேண்டாம், புதிது வாங்குங்கள். பஸ்ஸில் அது இடைஞ்சல் என்றால், வாய் அகன்ற, ஒரு லீற்றர் உருக்குச் சாப்பாட்டுப் பிளாஸ்க். முதல்நாள் இரவே ஐஸ்தண்ணீர் ஊற்றிக் குளிரவையுங்கள். காலையில் அதைக் கொட்டி, உருகத் தொடங்கிய ஐஸை இறுக மூடிய பையில் அடியில் மூன்றிலொரு பங்கு வைத்து, மேலே மடித்த துணி, அதன் மேல் இன்னொரு பைக்குள் மருந்து. பேனாவின் நீளத்தை அளந்த பிறகே பிளாஸ்க் வாங்குங்கள், குட்டையானதில் அது நிற்காது. எதை எடுத்தாலும் உச்சமும் தாழ்வும் நினைவில் வைக்கும், கம்பியுள்ள டிஜிட்டல் வெப்பமானி ஒன்று உள்ளே இருக்க வேண்டும். பஸ்ஸில் சாரதி பக்கத்து எஞ்சின் மூடிக்கு அருகே பை வேண்டாம், மடியில் வையுங்கள்.

கொழும்பில் தங்கும் லொட்ஜிலும் கவனம். சில அறைகளில் சாவி அட்டையை உருவியதும் குட்டிப் பிரிட்ஜும் நின்றுவிடும். சமையலறைப் பிரிட்ஜில் கொடுத்தால், ‘ஃப்ரீசரில் வைக்க வேண்டாம்’ என்று சிங்களத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டிக் கொடுங்கள்.

மருந்து சூடாகியோ உறைந்தோ போனதாகச் சந்தேகம் வந்தால் போடுவதற்குமுன் கிளினிக் தாதியிடம் பேசுங்கள். வெப்பமானி காட்டிய உச்சமும் எத்தனை மணித்தியாலம் என்பதும் சொன்னால் அவர்களால் முடிவெடுக்க முடியும். மறைத்துவிட்டுப் போட்டால், ஸ்கேனில் முட்டைப்பைகள் வளராதது ‘உடல் ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதப்படலாம். கெட்டது மருந்து, பழி அந்தப் பெண்ணின் உடல்மேல். இந்தப் பையைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுவதே அதற்காகத்தான்.

கடைசி ஊசி, முட்டையை முதிரவைப்பது, முட்டை எடுக்கும் நேரத்துக்கு 34 முதல் 36 மணித்தியாலம் முன்பு போடப்படும். வெள்ளி காலை 9 மணிக்கு முட்டை எடுப்பதென்றால் புதன் இரவு 9 மணி வாக்கில். சரியான நிமிடத்தைக் கிளினிக்தான் சொல்லும். கடைசி ஸ்கேன் திருகோணமலையிலேயே முடிந்தால், அதை வீட்டுப் பிரிட்ஜிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு வியாழன் புறப்படலாம். அந்தப் பயணத்துக்குப் பையே தேவையில்லை.