14,000 ரூபாய் போச்சு: பூனைக்குட்டி வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

கோபத்தில்தான் எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது. பழைய பைக், சோபா எல்லாம் விற்கிற ஒரு ஆப்பில் விளம்பரம் பார்த்து பெர்ஷியன் குட்டி வாங்கினோம். 14,000 ரூபாய். போனால் சுத்தமான வீடு, அந்த ஆளின் மகள் குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருக்கிறாள், எங்களுக்கு டீ வருகிறது, அவரே உள்ளே போய்த் தடுப்பூசி கார்டை எடுத்துவந்து "டிரைகேட் போட்டாச்சு சார், இனி ஃப்ளூ கிட்டவே வராது" என்று கையில் கொடுத்தார் (டிரைகேட் என்பது பூனை ஃப்ளூ உள்ளிட்ட நோய்களுக்கான தடுப்பூசி). அந்தக் கார்டில்தான் விழுந்தோம். ஒரு கண்ணில் நீர் வடிகிறதே என்றதற்கு, சப்பை மூக்கு, பெர்ஷியனுக்கு அப்படித்தான் என்றார் (பாதி உண்மை, அதனால்தான் எடுபட்டது). தாய்ப்பூனை மாடியில் தூங்குகிறதாம். உடனே ஜிபே செய்தோம்.

ஒரு வாரத்துக்குள் தும்மல், கண் ஒட்டிக்கொண்டது, மூக்கடைத்து வாசனை தெரியாமல் சாப்பாட்டைத் தொடவே இல்லை. நாக்கில் புண்ணைப் பார்த்ததும் டாக்டர், கலிசிவைரஸாக இருக்கும், ஹெர்பீஸும் சேர்ந்திருக்கலாம், இரண்டுமே பூனை ஃப்ளூ தரும் வைரஸ்கள்தான் என்றார். கார்டைப் புரட்டிவிட்டு, மருந்து பாட்டில் ஸ்டிக்கர் எங்கே, டாக்டர் சீல் எங்கே என்று கேட்டார். அதில் வெறும் தேதியும் கிறுக்கலும்தான். அந்தத் தேதியில் குட்டிக்கு மூன்று வாரம்கூட ஆகவில்லை! பொதுவாக ஆறு வாரத்துக்கு முன்னால் இந்த ஊசி போடுவதில்லை, ஆரம்பித்தாலும் 16 வாரம் வரை மறுபடி மறுபடி போட வேண்டும், அப்போதும் நோயின் வேகம்தான் குறையும்.

விற்றவருக்குப் போன் செய்தால் முதலில் "ஏசி ஒத்துக்கலை சார்". அப்புறம் "உங்க வீட்டுக்கு வந்தப்புறம்தானே வந்துச்சு". தாய்ப்பூனை நோய் தெரியாமல் வைரஸைச் சுமந்தாலே குட்டிக்கு ஒட்டிவிடும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன், பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுங்கள் என்று வாய்ஸ் நோட் வந்தது. பூனைக்கு அது விஷம்யா! அதோடு பிளாக். ஆப்காரர்களோ, நாங்கள் பொறுப்பல்ல என்ற ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். விளம்பரம் இன்னும் ஓடுகிறது, வேறு குட்டி, அதே மகள். 14,000 போனது போக மருத்துவச் செலவு தனி.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், மருந்து கொடுக்கிற நேரமாகிவிட்டது. ஸ்டிக்கர், சீல் இல்லாத கார்டு வெறும் காகிதம். தாய்ப்பூனையைக் காட்டாவிட்டால் கிளம்பிவிடுங்கள். வீட்டில் வேறு பூனை இருந்தால் புதுக்குட்டியை இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள். கலிசி தரையில் ஒரு மாதம்கூடத் தங்கும், ப்ளீச் கரைசலால் துடைத்து, காய்ந்தபிறகு பூனையை விடுங்கள், பினாயில் மட்டும் வேண்டவே வேண்டாம், அதுவும் பூனைக்கு ஆகாது.