அரையாண்டு விடுமுறையில் பாரிஸ்: ஈஃபிள் கோபுரமா, வெற்றி வளைவா?

போன டிசம்பரில், பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறைக்கு, ஐந்து பேராகப் பாரிஸ் போனோம். நான், கணவர், 12 வயது மகள், 8 வயது மகன், முழங்கால் வலியுள்ள என் அம்மா. ஒரு நாள் ஈஃபிள் கோபுரம், மறுநாள் ஆர்க் து திரியோம்ஃப் எனப்படும் வெற்றி வளைவு. ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது, எதற்குப் போகலாம் என்று கேட்கும் தோழிகளிடம் வளைவுக்குப் போங்கள் என்றுதான் சொல்கிறேன்.

உயரத்தில் போட்டியே இல்லை. ஈஃபிள் 330 மீட்டர், அதன் உச்சித் தளம் 276 மீட்டரில் இருக்கிறது. வளைவு 50 மீட்டர்தான். புகழும் ஈஃபிளுக்குத்தான். செலவில் வளைவு பரவாயில்லை: 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் கிடையாது. ஈஃபிளில் 4 வயது ஆனாலே டிக்கெட் எடுக்க வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது இதெல்லாம் இல்லை. நின்ற நேரம்தான். முன்பதிவு செய்துவிட்டால் ஈஃபிளில் நேரே ஏறிவிடலாம் என்று நம்பித்தான் கிளம்பினேன். முன்பதிவு தவிர்ப்பது டிக்கெட் வாங்கும் வரிசையை மட்டும். அதற்குப் பிறகும் விடுமுறைக் கூட்டத்தில் ஆறு முறை நின்றோம். கோபுரத்தைச் சுற்றியுள்ள கண்ணாடிச் சுவருக்கு வெளியே முதல் பாதுகாப்புச் சோதனை. கோபுரத்தின் காலடியில் இன்னொரு சோதனை. அப்புறம் இரண்டாம் தளத்துக்கான லிஃப்ட். உச்சிக்கு அதே லிஃப்ட் போகாது. இரண்டாம் தளத்தில் இறங்கி, வேறு லிஃப்ட்டுக்குப் புதிதாக வரிசை. இறங்கும்போதும் அதே இரண்டு லிஃப்ட் வரிசை. நாலாவது வரிசையில் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "திருப்பதியிலகூட நடுவுல உட்கார விடுவாங்கடி" என்றார். மகனுக்கு அதற்குள் கால் வலியும் பசியும் வந்துவிட்டன. உச்சியில் காற்று காதை அறுத்தது. அத்தனை நேரம் நின்றுவிட்டுப் போனவர்கள் அங்கே அரை மணி நேரம்கூட இருக்கவில்லை.

வளைவில் ஒரு பாதுகாப்புச் சோதனை, டிக்கெட்டைக் காட்டினால் படிக்கட்டு, அவ்வளவுதான். படி 284, குறுகலான சுழல் படி. பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. நான்தான் மூச்சு வாங்கினேன். வளைவைச் சுற்றியுள்ள வட்டச் சாலையை மேலே கடக்கப் பார்க்காதீர்கள், ஷான்ஸ் எலிஸே என்ற பெரிய வீதியின் பக்கமிருந்து சுரங்கப்பாதை இருக்கிறது. மொட்டை மாடியில் நின்றால் 12 பெருஞ்சாலைகள் காலடியிலிருந்து கதிர்போலப் பிரிந்து போகின்றன. 50 மீட்டர் என்பதால் கார்களும் மரங்களும் மனிதர்களும் அடையாளம் தெரிகிற அளவில் இருக்கிறார்கள். ஈஃபிள் உச்சியிலிருந்து பார்த்தபோது ஊர் ஒரு வரைபடம் மாதிரி ஆகிவிட்டது, மகனுக்கு அதில் எதுவுமே பிடிபடவில்லை.

டிசம்பரில் இன்னொரு வசதி, ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. நாங்கள் நாலரை மணிக்கு வளைவின் மாடிக்குப் போனோம். வெளிச்சத்திலும் ஊரைப் பார்த்தோம், ஷான்ஸ் எலிஸே மரங்களில் கிறிஸ்துமஸ் விளக்குகள் எரிவதையும் பார்த்தோம். இருட்டியபின் ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் ஈஃபிளில் 20,000 விளக்குகள் மினுங்கும். ஆறு மணிக்கு அதை மாடியிலிருந்து பார்த்த மகள் பேசவே இல்லை. கோபுரத்தின் மேல் நின்றிருந்தால் இந்தக் காட்சி கிடைத்திருக்காது.

அம்மா மேலே வரவில்லை. வளைவின் பெரிய குறை இதுதான். நடக்க முடியாதவர்களுக்கு லிஃப்ட் உண்டு, நாங்கள் அதைக் கேட்டுப் பார்க்கவில்லை. ஆகவே அதை நம்பிப் போங்கள் என்று சொல்ல மாட்டேன். அந்த ஒன்றரை மணி நேரமும் அம்மாவும் கணவரும் பக்கத்து கஃபேயில் சூடான சாக்லேட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு எல்லோருமாக வளைவின் அடியில் கூடினோம். முதல் உலகப் போரில் இறந்த, பெயர் தெரியாத ஒரு வீரரின் கல்லறை அங்கே இருக்கிறது. 1923 முதல் தினமும் மாலை 6.30 மணிக்கு அங்குள்ள சுடரைத் தூண்டி விடுகிறார்கள். அதைப் பார்க்கக் கட்டணம் இல்லை. அம்மா செருப்பைக் கழற்றப் போனார், குளிரில் வேண்டாம் என்று தடுத்தேன், கைகூப்பி நின்றார். பயணத்தில் அவருக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் இன்றும் "அந்த விளக்கு" என்பார்.

ஈஃபிளில் ஏறியே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தால் இரண்டாம் தளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 116 மீட்டர் உயரமே தாராளம், இரண்டு வரிசை மிச்சமாகும். படியில் ஏறுவதானால் அதுவரை 674 படிகள். நாங்கள் அதை முயலவில்லை. கோடை விடுமுறையில் நிலவரம் எப்படி என்பதும் எனக்கு அனுபவமில்லை. மே மாதத்தில் இருட்ட இரவு ஒன்பதரை தாண்டிவிடும் என்பதால், விளக்கு மினுங்குவதைப் பார்க்கச் சிறு பிள்ளைகள் விழித்திருக்க வேண்டியிருக்கும்.

தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்: டிசம்பர் 25, ஜனவரி 1 இரண்டு நாளும் வளைவின் மேலே போக முடியாது. நாங்கள் கிறிஸ்துமஸ் அன்று ஈஃபிளுக்குப் போனதே அதனால்தான்.