முதியோர் மனநலப் பிரிவு: அப்பாவை அழைத்துப்போன அனுபவம்

"வயசானா அப்படித்தான்" என்று மூன்று டாக்டர்கள் சொல்லி அனுப்பிய பிறகு நான்காவதாகப் போன இடம் இது. அப்பாவுக்கு 74 வயது. அவர் அழுததில்லை, கவலை என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. முதுகு வலி, அசதி, நாக்கில் ருசியே இல்லை, இவ்வளவுதான் புலம்பல். தினமும் குறுக்கெழுத்து போடுகிறவர், பேனா மூடியைக்கூடத் திறக்காமல் பேப்பரை மடித்து வைக்க ஆரம்பித்ததை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது மனச்சோர்வாக இருக்கும் என்று தோன்றவே இல்லை.

இங்கே என்னிடம் கேட்காமல் அவரிடமே கேட்டார்கள். டாக்டர் நாற்காலியை அப்பாவின் நல்ல காதுப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பதினைந்து கேள்விகள், ஆமாம் இல்லை என்று சொன்னால் போதும். முதியோருக்கென்றே 1980களில் உருவாக்கிய கேள்வித்தாள் அது. தூக்கம், பசி பற்றி அதில் கேள்வியே இல்லை, ஏனென்றால் இந்த வயதில் அவை வேறு காரணங்களாலும் குறையும். உங்களால் யாருக்கும் பயனில்லை என்று தோன்றுகிறதா என்று கேட்டபோது அப்பா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார், டாக்டர் அவசரப்படுத்தவில்லை, ரொம்ப நேரம் கழித்து அப்பா "ஆமாம்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

சாக வேண்டும் என்று நினைப்பு வருகிறதா என்றும் டாக்டர் நேரடியாகவே கேட்டார். இப்படிக் கேட்கலாமா என்று பதறினேன். கேட்பதால் அந்த எண்ணம் வராது, மனதில் இருப்பதைச் சொல்ல வழி கிடைக்கும் என்று அப்புறம் விளக்கினார்.

கேள்வித்தாளை மட்டும் வைத்து முடிவு செய்யவில்லை. தைராய்டு, பி12, ரத்தசோகை எல்லாம் பார்த்தார்கள், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார்கள். அப்பாவுக்கு இருக்கும் மறதி மனச்சோர்வாலும் வரலாம், டிமென்ஷியா என்ற நினைவாற்றல் குன்றும் நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம், மனம் தேறிய பிறகு திரும்பச் சோதிப்போம் என்றார்கள். மனச்சோர்வுக்கான மருந்து மிகக் குறைந்த அளவில்தான் ஆரம்பம். அந்த வகை மருந்து வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கக்கூடும் என்பதால் இரண்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள்.

குறைகளும் உண்டு. இரண்டு மணி நேரக் காத்திருப்பு, அதுவும் முதுகு சாய்க்க முடியாத பெஞ்சில். காது மந்தமானவர்கள் பாதிப் பேர் இருக்கும் இடத்தில் பெயரை ஒரே ஒரு தடவை தாழ்ந்த குரலில் கூப்பிடுகிறார்கள், அதில் எங்கள் முறை ஒருநாள் தவறியே போனது. மனம்விட்டுப் பேச வைக்கும் உளவியல் சிகிச்சைக்கு நேரம் கிடைக்க ஐந்து வாரம் ஆனது, இந்த நோய்க்கு அது ரொம்ப அதிகம்.

மருந்து ஆரம்பித்து ஆறாவது வாரம் வரை பெரிய மாற்றம் இல்லை, நடுவில் நிறுத்திவிடலாமா என்றுகூட யோசித்தோம். ஏழாவது வாரம் அவராகவே பேனா எங்கே என்று கேட்டார். நான்கு கட்டம் நிரப்பிவிட்டு மூடி வைத்தார். சரி, நான்கு கட்டம்.

போகிறவர்கள் வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், காது மெஷினை மறக்காதீர்கள், டாக்டர் கேட்கும்போது நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள்.